பலகையில் ஐந்து எழுத்து

பலகையை அண்ணாந்து பார்த்த ராஜாத்தி காறித் துப்பினாள்.

"என்னத்தா எழுதியிருக்கு?" கீரைக் கூடையோடு நின்ற முத்துப்பேச்சி கேட்டாள்.

"வாயால சொல்ற மாதிரியா இருக்கு, மதினி? திருட்டு ஊராம். மடிய உதறிக் காட்டிட்டுத்தான் கடைய விட்டு வெளிய போகணுமாம்."

முத்துப்பேச்சி கூடையை ரோட்டிலேயே இறக்கினாள். "எந்தக் கட்டையில போறவன் எழுதுனது?"

அனுமந்தன்பட்டி ரோட்டோரம் பம்பாய்க் கம்பெனி ஒன்று புதிதாகத் திறந்திருந்த ஸ்டோர்ஸ் அது. பலகையின் மேல்வரியில் இங்கிலீஷில் கம்பெனிப் பெயர். அதற்குக் கீழே தமிழில், சிவப்பில், ஐந்தே ஐந்து எழுத்து. மதுரைப் பெயிண்டர் முந்தாநாள்தான் எழுதிவிட்டுப் போயிருந்தான்.

ராஜாத்தி உத்தமபாளையத்தில் எட்டாவது வரை படித்தவள். ஊர்ப் பெண்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்தக் கடைக்கு அவள் தீ வைக்காமல் விட்டிருப்பதே பெரிது என்று ஊரில் பேச்சு.

காரணம் இருந்தது. இருபது நாளைக்கு முன்னால், சோப்புக் கட்டி ஒன்று குறைகிறதென்று மேனேஜர் தேசாய் அவளுடைய தாய் சுப்புத்தாயை நடுரோட்டில் நிறுத்தி மடியை உதறச் சொன்னார். ரெண்டு பாக்குத் துண்டு விழுந்தது. சோப்பு, சாயங்காலம் அலமாரிக்கு அடியில் கிடைத்தது.

அன்றைக்கு வீட்டுக்குள் போன சுப்புத்தாய் தண்ணீர் எடுக்கக்கூட வெளியே வரவில்லை. மேனேஜர் ஊர் கூடும் மந்தைக்கு வந்து எல்லார் முன்னாலும் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று ஊரார் ஆள் அனுப்பினார்கள். "ஒரு பொம்பளைக்காக நான் வரணுமா?" என்று சிரித்துத் திருப்பி அனுப்பினார் தேசாய்.

இப்போது பலகைச் சேதி மத்தியானத்துக்குள் தெருத்தெருவாகப் போனது. மூன்று நாள் கடைக்குள் ஈயைத் தவிர எதுவும் நுழையவில்லை. திங்கட்கிழமை பம்பாயிலிருந்து கம்பெனி முதலாளி கடையைப் பார்க்க வருகிறார். தேசாய்க்கு வேர்த்தது.

சாமான் எடுத்துக் கொடுக்கும் கோட்டைச்சாமியைக் கூப்பிட்டார். "என்ன ஆச்சு இந்த ஊருக்கு?"

"பலகைதான் சார்."

"நல்ல வார்த்தைதானே எழுதச் சொன்னேன்?" தேசாய்க்குத் தமிழ்ப் பேச்சு கொஞ்சம் வரும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

கோட்டைச்சாமி வாசலில் இறங்கி அண்ணாந்து பார்த்தான். பிடரியைச் சொறிந்தான். "திருட்டு ஊருன்னு இருக்கு சார். மடிய வேற உதறச் சொல்லுது."

"இத்தனை சின்னதா இருக்கே? அதிலயா அவ்வளவு?"

"தமிழு அப்பிடித்தான் சார். சுருக்கமா இருக்கும்."

தேசாய்க்கு நம்பிக்கை வரவில்லை. ரோட்டில் போன புளி வியாபாரி பக்கீர் முகம்மது ராவுத்தரின் வண்டியை மறித்தார். ராவுத்தர் மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையிலிருந்து எடுக்காமலே பலகையைப் பார்த்தார்.

"எங்க வீட்டுப் பொம்பளைகளும் இந்த வழியாத்தானய்யா போறாக. இதையெல்லாம் நான் வேற படிச்சுச் சொல்லணுமா?" என்று மாட்டைத் தட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேசாய் தானே மந்தைக்கு வந்தார். ஊர்ப் பெரியவர் நல்லகண்ணு வழக்கத்தைச் சொன்னார். "தட்டுல வெத்தல பாக்கு வச்சு, தப்புன்னு சொல்லிக் குடுக்கணும். மடின்னு எழுதியிருக்கிறதால பொம்பளையாளு கையில குடுக்கிறதுதான் மொற."

"யார் கையில?"

"எங்காத்தா கையில" என்றாள் ராஜாத்தி.

சுப்புத்தாயைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். முகத்தைப் பார்த்ததும் தேசாய்க்கு அடையாளம் தெரிந்துவிட்டது. தட்டோடு ஓர் அடி பின்னால் வைத்தார். பின்னால் பெண்கள் நெருக்கமாக நின்றார்கள்.

"என்ன யோசன? சோப்பக் காணமா?" என்றாள் முத்துப்பேச்சி. மந்தையே சிரித்தது.

தேசாய் குனிந்து தட்டை நீட்டினார். "தப்பு என்னுது. மன்னிக்கணும் அம்மா."

"இங்கன கேக்கல!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். இன்னொரு தரம், கத்திச் சொன்னார்.

சுப்புத்தாய் உடனே வாங்கவில்லை. குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தட்டு சாய்ந்து, பாக்கு உருளத் தொடங்கிய பிறகுதான் கையை நீட்டினாள்.

"எழுதி வச்சவுகளே அழிக்கணும்" என்றார் நல்லகண்ணு. தேசாய் தார் டப்பாவோடு ஏணியில் ஏறினார். ஒவ்வொரு எழுத்தாக மூடினார். அவர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் தார் சொட்டச் சொட்ட, கீழே குலவைச் சத்தம் எழுந்தது.

இருபது நாளுக்கு மேல் வீட்டுக்குள்ளேயே கிடந்த சுப்புத்தாய் தெருவில் நிமிர்ந்து நடந்தாள். வீட்டுப் படியில் கால் வைக்கும்போது மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏத்தா, ஊரே படிச்சுச்சு, எனக்குத்தேன் எழுத்துத் தெரியாது. அதுல உள்ளது உள்ளபடி என்ன எழுதியிருந்தாக?"

"'நல்வரவு'ன்னு எழுதியிருந்தாக, ஆத்தா."