ஆறாவது வாரத்தில்

குத்துச்சண்டை கிளவுஸின் பட்டையை மகள் அம்மாவின் மணிக்கட்டில் இழுத்து ஒட்டினாள். நெருக்குகிறதா என்று கேட்டாள்.

இல்லை என்று அம்மா தலையாட்டினாள்.

அம்மாவுக்கு எதுவுமே நெருக்காது. முப்பது வருஷமாக எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லி வருகிறாள்.

மற்ற ஒன்பது பெண்களும் ரப்பர் பாயைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மொட்டை மாடியில் வெயில் இன்னும் ஏறவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாஸ்டரே இப்படிச் செய்கிறாரே என்று அவர்களுக்கு ஆச்சரியம்.

மகள்தான் அங்கே மாஸ்டர். தற்காப்பு வகுப்பு ஆரம்பித்த இந்த நாலு வருஷத்தில் ஒரு விஷயத்தில் மட்டும் அவள் யாருக்கும் மசிந்ததில்லை. பன்னிரண்டு வாரம் முடியாமல் யாரும் ஸ்பாரிங்கில் இறங்கக் கூடாது. எதிரில் ஆளை நிறுத்திச் சண்டை போட்டுப் பழகுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வங்கியில் வேலை பார்க்கும் ஜெசிந்தா மூன்றாம் வாரத்திலிருந்தே நச்சரித்துப் பார்த்தாள். பிஸ்கட் கொடுத்துக்கூடப் பார்த்தாள். நடக்கவில்லை.

கை தானாக எழும்பித் தடுக்கப் பழக வேண்டும். அதற்கு முன்னால் அடி விழுந்தால் உடம்பு பயத்தைத்தான் கற்றுக்கொள்ளும். புதிதாக வருகிற எல்லாரிடமும் முதல் நாளே இதைச் சொல்லிவிடுவாள்.

அம்மாவுக்கு இது ஆறாவது வாரம்.

ஒரு துணிப்பையும் வீங்கிய கன்னமுமாக ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அம்மா வந்து வாசலில் நின்றாள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மகளும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அதில் புதிதாக என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமா வருகிறார். அப்பாவும் கூட வருகிறார். நல்ல வார்த்தை சொல்லி அழைத்துப் போகிறார்களாம்.

போகிறேன் என்றும் அம்மா சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இன்று வெள்ளி.

ஒரே ஒரு அடியை அம்மா தடுத்துவிட்டால் போதும். தன் கையால் என்ன முடியும் என்று அவளுக்கே தெரிந்துவிடும். அப்புறம் எந்த மாமா வந்து எதைப் பேசினாலும் அசைய மாட்டாள். மகள் இதைத்தான் நம்பினாள். மலைபோல நம்பினாள்.

நம்பாமல் என்ன செய்வாள்? தொங்கவிட்ட பஞ்ச்சிங் பேக்கை அம்மா வெளுத்து வாங்குவாள். மாஸ்டரின் அம்மா என்றால் சும்மாவா என்று ஜெசிந்தா கிண்டல் செய்வாள். அம்மா கிளவுஸால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அம்மாவுக்கு இப்படிச் சிரிக்க வரும் என்பதே அவளுக்கு இந்த ஆறு வாரத்தில்தான் தெரியும்.

எதிரெதிரே நின்றார்கள்.

மகள் மெதுவாகத்தான் வீசினாள். அரைத் தூக்கத்தில் இருப்பவர்கூட விலகிவிடலாம்.

இடது கையால் வீசினாள். அவளுக்கு இடது கைப் பழக்கம்.

அப்பாவுக்கும் அதுதான்.

அம்மாவின் கைகள் எழும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். முகத்தை லேசாகத் திருப்பி, கன்னத்தைக் கொடுத்தாள்.

கிளவுஸ் பட்டது. சத்தம்கூட வரவில்லை.

அம்மா நகரவில்லை. கண்ணைத் திறக்கவும் இல்லை.

அடுத்ததற்காகக் காத்திருந்தாள்.

ஜெசிந்தாதான் முதலில் எழுந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அம்மா கண்ணைத் திறந்து, எல்லாரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தாள். படியில் தடுக்கி விழுந்தவளைப் போல வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அவசரப்பட்டுவிட்டேன் என்று மகள் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனாலென்ன என்று அம்மாவும் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். சாயங்காலம் உட்கார்ந்து பூண்டு உரித்தாள்.

சனிக்கிழமை காலை அம்மா அடுப்பின் முன் நின்றிருந்தாள். சர்க்கரை டப்பா மேல் தட்டில் இருந்தது. எட்டி எடுக்க, மகள் அம்மாவின் தலைக்கு மேலாகக் கையை நீட்டினாள்.

அம்மா சட்டென்று குனிந்துகொண்டாள்.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இரண்டு பேரும் அணைக்கவில்லை.

இந்த ஆறு வாரத்தில் அந்த டப்பாவை எத்தனை தடவை எடுத்திருப்பாள். ஒரு நாள்கூட அம்மா குனிந்ததில்லை.

அவளுக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அதற்கும் கையைத்தான் தூக்க வேண்டும்.

தூக்கவில்லை. அப்படியே நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமா நிறையப் பேசத் தயாராகத்தான் வந்திருந்தார். அப்பா காரை விட்டு இறங்கவில்லை. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் அம்மா துணிப்பையோடு வந்து நின்றாள்.

மகள் வாசலை மறித்துக்கொண்டாள். போக வேண்டாம் என்றாள். வகுப்பே வேண்டாம், கிளவுஸ் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுகிறேன் என்றாள்.

அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உம்மேல கோவமில்ல கண்ணு. அங்கயின்னா எப்ப அடி விழும்னு எனக்குத் தெரியும்."

மகள் வழிவிட்டாள்.

காரில் ஏறி உட்கார்ந்த பிறகு அம்மா ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். மகள் கையசைப்பாள் என்று நினைத்திருப்பாள்.

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள், கார் தெரு முனை திரும்பும்வரை.