கவளச் சடங்கு

“நிறுத்துப்பா! குதிரை கறுப்பு இல்லை, சிவப்பு. வரலாறு தெரியாம வாயைத் திறக்காதே!”

எழுத்தாளர் அருள்மொழி போட்ட அதட்டலில் வழிகாட்டி பூபதியின் பேச்சு பாதியில் நின்றது.

மலைக்கிராமமான வாசலூர்பட்டிக்கு மேலே, ஒரு மொட்டைப் பாறையில் சேலத்திலிருந்து வந்த இருபது வாசகர்கள் நின்றிருந்தார்கள். இளையோருக்காக அருள்மொழி எழுதிய சரித்திர நாவலைப் படித்துவிட்டு, இளவரசி குதிரையோடு பறந்த இடத்தைப் பார்க்க வந்தவர்கள். எழுதியவரே கூட வந்திருந்ததால் எல்லோர் கையிலும் செல்போன் கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

“எங்கம்மா கறுப்புக் குதிரைன்னுதானுங்க மேடம் சொல்லும்” என்றான் பூபதி.

“உங்கம்மா எந்தக் காலேஜ்ல சரித்திரம் படிச்சாங்க?”

வாசகர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அருள்மொழி தொண்டையைச் செருமினார். நாவலில் தாமே எழுதிய பாட்டில் நாலு வரியை ராகம் போட்டுப் பாடினார். பிறகு விளக்கத்துக்கு வந்தார்.

“எதிரிப் படை மலையைச் சுத்தி வளைச்சிருச்சு. குதிரை மேல உக்காந்தபடியே இளவரசி சாமைச் சோறு சாப்பிடறா. ஒவ்வொரு கவளத்துக்கும் குதிரை கொஞ்சம் கொஞ்சமா மேலே எழும்புது. மூணாவது கவளத்துல பள்ளத்தாக்கையே தாண்டிருச்சு! இது பண்டைய வீரர்களோட கவளச் சடங்கு. பழைய ஏட்டுச் சுவடியில இருக்கு. கண்டுபிடிக்க எனக்குப் பத்து வருஷம் ஆச்சு.”

“மூணுதான்னு இல்லீங்க. எங்கம்மா சொல்றப்போ சில நாளு அஞ்சு, ஆறு கவளமெல்லாம் வருங்க.”

“நாளுக்கு ஒண்ணா மாற இதென்ன மார்க்கெட் விலையா?” அருள்மொழி வாசகர்கள் பக்கம் திரும்பினார். “பாருங்க, இவங்க கையிலதான் நம்ம சரித்திரம் சிக்கிக் கிடக்குது. நாளைக்கே டூரிசம் ஆபீஸ்ல பேசி, முதல்ல இந்த ஆள் கழுத்துல தொங்குற கைடு அட்டையைப் பிடுங்கச் சொல்றேன்.”

பூபதியின் கை தானாக அட்டையைப் பொத்திக்கொண்டது. திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, அதை நம்பித்தான் போன வருடம் ஊர் திரும்பியிருந்தான்.

பாறைக்குக் கீழே குடை நிழலில் அன்னாசி நறுக்கி விற்றுக்கொண்டிருந்த அவன் அம்மா பாப்பாயிக்கு இது காதில் விழுந்தது. கையை முந்தானையில் துடைத்தபடி மேலேறி வந்தவர், அருள்மொழியின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“ஏனுங்க, இருபது வருசத்துக்கு முந்தி பஸ்ஸ விட்டுட்டு எங்கூட்டுல ரெண்டு நாளு தங்குனீங்களே, அந்தப் புள்ளதானே நீங்க? இந்தக் குதிரக் கதைய நாஞ் சொல்லச் சொல்ல நோட்டுல எழுதிக்கிட்டீங்களே!”

செல்போன்கள் எல்லாம் பாப்பாயி பக்கம் திரும்பின. “அப்போ ஏட்டுச் சுவடி?” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அருள்மொழிக்கு ஒரு நொடிதான் தேவைப்பட்டது. பாய்ந்து வந்து பாப்பாயியின் தோளை அணைத்துக்கொண்டார்.

“இவங்கதான் எனக்குக் கிடைச்ச உயிருள்ள சுவடி! ஆயிரம் வருஷத்துச் சரித்திரத்தை எழுத்து வாசனையே இல்லாத இவங்க பரம்பரை வாய்வழியா காப்பாத்திட்டு வந்திருக்கு. நான் சும்மா அதுக்கு ஒரு உருவம் கொடுத்தேன், அவ்வளவுதான்.”

சிலர் கைதட்டினார்கள். பாப்பாயி ஒன்றும் புரியாமல் மகனைப் பார்த்தார், பிறகு அருள்மொழியைப் பார்த்தார்.

“சரித்திரமா? சோத்தக் கண்டாலே ஓடுவானேன்னு, இவனுக்கு ஊட்டறதுக்கு நான் இட்டுக்கட்டுனதுங்க அது!”