பன்னிரண்டாவது நிமிடம்

"இதுல பாட்டு எங்கம்மா இருக்கு?" என்றார் சவுண்டுக்காரர்.

மதியம் மூன்று மணி. அரங்கில் ஒத்திகை அப்போதுதான் முடிந்திருந்தது. பாட்டும் இல்லை, தாளமும் இல்லை. லேப்டாப்பிலிருந்து மெல்ல எழுந்து மெல்ல அடங்கும் ஒலிகள் மட்டும். பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருப்பவள், வேலை முடிந்து வந்து மூன்று வருடமாகச் சேர்த்த இசை. மேடை ஏறுவது இதுதான் முதல் தடவை.

"பாட்டு இல்லண்ணா. சும்மா அதுக்குள்ள இருக்கணும், அவ்வளவுதான்."

"அதை வீட்ல கண்ணை மூடிட்டுக் கேக்கலாம். டிக்கெட் எடுத்து வந்தவன் எவ்வளவு நேரம் உங்க முகத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பான்?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. அரங்க மேனேஜரும் காலையில் இதையே வேறு மாதிரி சொல்லியிருந்தார். "நேர்ல எடுபட்டா அடுத்த மாசமும் மேடை. இல்லைன்னா இதோட சரி."

ஆறு மணிக்கு அறுபது பேர் வந்திருந்தார்கள். விளக்கு மங்கியது. அவள் தொடங்கினாள்.

பன்னிரண்டாவது நிமிடம் லேப்டாப் உறைந்துபோனது. எதை அழுத்தியும் அசைவில்லை. கடைசி ஒலி தேய்ந்துகொண்டே போனது. இன்னும் சில நொடிதான், மானம் போகப் போகிறது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

இசை நிற்கவில்லை. அடங்கிய இடத்திலிருந்து மறுபடி எழுந்தது. அவளுடையதேதான். ஆனால் அவள் விரல்கள் சும்மா இருந்தன.

திகைத்து நிமிர்ந்தாள். அரங்கின் பின்கோடியில், மிக்ஸர் முன்னால் நின்ற சவுண்டுக்காரர், 'அப்படியே இருங்க' என்பதுபோல் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார்.

அரை மணி நேரம், செத்துப்போன லேப்டாப்மேல் கை வைத்தபடி நின்றாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"எப்படி ஒன்றிப்போய் வாசிக்கிறா பாரு," என்று முன்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

முடிந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு அவள் சவுண்டுக்காரரிடம் போனாள். அவர் குனிந்து கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒத்திகையைப் பதிவு பண்ணிருந்தீங்களா?"

"ம்."

"மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டேன்ணா. கைதட்டு வாங்கினது உறுத்துச்சு. பாதிக்கு மேல நான் வாசிக்கவே இல்லையே."

"மூணு மணிக்கு வாசிச்சதும் நீங்கதானேம்மா. என்ன சொன்னார்?"

"அடுத்த மாசம் வேற லேப்டாப்போட வான்னுட்டார்."

அவர் தலையசைத்தார். அவள் நகரவில்லை.

"உங்களுக்குத்தான் என் இசையே பிடிக்கலையே. அப்புறம் எதுக்குண்ணா பதிவு பண்ணீங்க?"

சவுண்டுக்காரர் மிக்ஸரிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"என் வீட்டுக்காரிக்குப் போட்டுக் காட்டலாம்னு. எங்க பையன் தவறி நாலு மாசமாச்சு. அவ இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை."

கேபிளைக் கையிலெடுத்தவர், சுருட்டாமல் அப்படியே நின்றார்.

"நானும்தான் அழலை. இன்னிக்கு மதியம் வரைக்கும்."