இடது பக்கம் நிற்பவர்கள்

உலகத்துக்கு ஏற்கெனவே தெரிந்த எதையும் வகுப்பிலிருந்த மின்பலகை கட்டுரையாக ஏற்றுக்கொள்வதில்லை. உப்பளம், கலங்கரை விளக்கம், நாட்டுப் படகு என்று ஏழாம் வகுப்புக் குழுக்கள் எழுதிய எல்லாவற்றையும் "தெரிந்ததே" என்று திருப்பித் தள்ளிவிட்டது. ஜெபராணி டீச்சருக்கே சலித்துப் போயிருந்தது.

அன்று இசக்கியின் குழு எழுதியதற்கு மட்டும் பலகை பச்சையாக ஒளிர்ந்தது. "புதிய தகவல். அனுப்பினால் உலகப் பொதுநினைவில் சேரும்; யாரும் படிக்கலாம்." வகுப்பே கைதட்டியது. டீச்சர் பெருமையோடு போய் வாசித்தார்.

'எங்கள் டீச்சருக்கு வலது காது கேட்காது. அதனால் நாங்கள் எப்போதும் இடது பக்கம் நின்றுதான் பேசுவோம். இடது காது நன்றாகக் கேட்கும்.'

வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று மருத்துவச் சோதனையில்கூட அவர் எப்படியோ சமாளித்து வந்த விஷயம் அது.

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல டீச்சர். ரெண்டு பக்கமும் நின்னு மெதுவா கூப்பிட்டுப் பாத்தோம். அப்புறம் குழுவா பேசி முடிவு பண்ணோம், நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதான்," என்றாள் இசக்கி. டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் அவள் குரல் இறங்கியது. "அழிச்சிரட்டுமா?"

டீச்சர் கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இது தப்பு. இடது காதும் இப்ப மந்தமாயிட்டு வருது. சம்பந்தப்பட்டவங்கள ஒரு வார்த்தை கேக்காம எழுதலாமா?"

இசக்கி திருத்தினாள். ஆனால் அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் அவள் கை நின்றுவிட்டது.

"டீச்சர், எல்லாருக்கும் தெரிஞ்சிருமே."

"என்னது?"

இசக்கி இன்னும் நெருங்கி வந்து, அதையே சத்தமாகச் சொன்னாள்.

"தகவல் கட்டுரைன்னா அதுக்குத்தானே புள்ள," என்று சொல்லி, பொத்தானை டீச்சரே அமுக்கினார்.