இமைக்குள் ஒரு கிண்ணம்

“அப்பா தூங்கும்போது யாரைம்மா பாக்குறாரு?” என்று மகள் சிறுமியாயிருந்தபோது ரூத்திடம் கேட்டாள். பல வருடம் கழித்து, கணவர் தேவசகாயத்தின் இமைமேல் ஒட்டிய, விழியசைவை வைத்துக் கனவைப் படிக்கும் பட்டை பதில் சொன்னது. நடுக்குவாதத்தால் கரண்டிகூடப் பிடிக்க முடியாதவர், கனவில் இடப்பக்கம் இருக்கும் யாருக்கோ சோறு ஊட்டுகிறாராம். விழிகள் கிண்ணத்துக்கும் வாய்க்குமாகப் போய்வருகின்றனவாம்.

“யாருங்க அது?” மதியம் அவருக்குச் சோறு ஊட்டியபடி ரூத் கேட்டாள்.

“கனவுல வந்தவங்ககிட்ட பேரா கேப்பாங்க? உங்கையால திங்கிற கடனே தலைக்கு மேல கெடக்கு.”

பொறாமைப்படுவதா, பரிதாபப்படுவதா என்று ரூத்துக்கு விளங்கவில்லை. அவர் உறங்கியதும் பட்டையைக் கழற்றிவிட்டு இடப்பக்கம் படுத்தாள். இமைக்குள் விழி உருண்டது. அவர் கை நடுங்காமல் எழுந்து அவள் உதட்டருகே வந்தது.

யாருக்கென்று இப்போதும் தெரியவில்லை. சாப்பாட்டு ஜெபத்தை முணுமுணுத்து வாய் திறந்தாள். வெறுங்கைதான், ஆனாலும் மென்று விழுங்கினாள்.