லிண்டாவின் சொந்தப் பெயர்

“அக்டோபர் 14, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு. லிண்டாவின் சம்மதம் கேட்கும் முன்பே அவருடைய புதுப் பேட்ஜை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.”

நாட்குறிப்பில் எழுதிவிட்டு, ‘சிறு’ என்பது சரிதானா என்று கொஞ்ச நேரம் யோசித்தாள் ஜோலீன்.

டென்வர் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றின் ஊழியர் பிரிவில் அவள் உதவியாளர். மாலையில் கல்லூரியில் ஹோட்டல் நிர்வாகம் படிக்கிறாள். வேறு நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு விருந்தினர் வாய்க்கு வசதியாகப் பெயர் வைப்பது அவமதிப்பு என்று வகுப்பில் சொன்னார்கள். அவள் ஹோட்டலிலோ, எத்தியோப்பியாவில் பிறந்த சிகெரெடாவின் பேட்ஜில் ‘லிண்டா’ என்றிருந்தது. மேலாளரிடம் மூன்று முறை பேசி, எல்லோருக்கும் சொந்தப் பெயரிலேயே பேட்ஜ் என்று அனுமதி வாங்கினாள்.

புதன்கிழமை மற்ற பதினொரு பேரும் சந்தோஷமாகக் குத்திக்கொண்டார்கள். காலை உணவுக் கூடத்தில் லிண்டா மட்டும் அதைக் கையில் வாங்காமல் நின்றாள்.

“வேண்டாம் ஜோலீன். அந்தப் பேர் வெளியே தெரிஞ்சா நான் இங்க வேலை செய்ய முடியாது.”

“யாராவது கிண்டல் பண்றாங்களா?”

ஆம்லெட் போட்டுக்கொண்டிருந்த மார்கஸ் திரும்பினான். “நான்தான் பண்ணுவேன். லிண்டான்னா ஒரு நொடி. இவ முழுப் பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள முட்டை கருகிடும்.”

லிண்டா சிரித்தாள். ஜோலீனுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கிண்டலுக்குத்தான் பயப்படுகிறாள் என்று முடிவுசெய்து, வெட்கப்பட ஒன்றுமில்லை, இனி இது எல்லோருக்கும் கட்டாயம் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னாள். லிண்டா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இரண்டு மேசைகளிலிருந்து காபி கேட்டார்கள். பேட்ஜைக் குத்திக்கொண்டு போனாள்.

அன்று மதியம், ஊழியர் அட்டைக்காக எடுத்திருந்த படங்களைப் பெயர்களோடு ஹோட்டலின் இணையதளத்தில் ஏற்றினாள் ஜோலீன்.

வியாழக்கிழமையே ஒரு மின்னஞ்சல் வந்துவிட்டது. போன மாதம் தங்கியவராம். சிகெரெடாவின் உபசரிப்பை மறக்கவே முடியவில்லையாம். பூங்கொத்தோடு நேரில் வந்து நன்றி சொல்ல வேண்டும், எப்போது பணியில் இருப்பார் என்று கேட்டிருந்தார். பெயரில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

ஜோலீனுக்குக் கண் கலங்கியது. வெள்ளிக்கிழமை காலை ஆறு முதல் இரண்டு வரை என்று உடனே பதில் போட்டாள். கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு காலை உணவுக் கூடத்துக்கு ஓடினாள்.

“பாருங்க சிகெரெடா. உங்க பேரைச் சரியா எழுதத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கார்.”

லிண்டா கடைசி வரியில் இருந்த பெயரைப் பார்த்தாள். கைல் ப்ரூவர். பக்கத்து நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள்.

“இவன் இங்க தங்கினதே இல்லை.”

“அப்போ உங்களை எப்படித் தெரியும்?”

லிண்டா பேட்ஜைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

“கல்யாணம் ஆனப்போவே என் பேரை எழுதக் கத்துக்கிட்டான். ஆறு வருஷமா நான் ஒளிஞ்சிருக்கிறது இவன்கிட்டேருந்துதான், ஜோலீன்.”

அன்றைய பக்கத்தில் ஜோலீனால் இவ்வளவுதான் எழுத முடிந்தது: “நாளை: ஐந்தரைக்குள் போலீசோடு ஹோட்டல் வாசலில் நிற்க வேண்டும். லிண்டா வரக் கூடாது.”