விமானத்துக்கு என்ன சாயம்?

கண்டிப் பொருட்காட்சியில் தேயிலைத் தோட்டத்துத் தச்சன் கறுப்பையா செய்த சின்ன ஆகாயவிமானத்துக்குத்தான் முதற்பரிசு. விமானியின் தலைக்கு மேலிருந்த செலுலாயிட் மூடிக்கு அப்படியொரு தேன்நிறம். அவனிடம் தோற்றுப்போன யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் அம்பலவாணர், மறுநாளே தெல்தோட்டையில் அவனுடைய லயத்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

"நான் கொழும்பிலையிருந்து மை எடுப்பிச்சும் மூடி திட்டுத்திட்டாய்ப் போச்சு. உண்மையைச் சொல்லும், நீர் என்ன சாயம் போட்டனீர்?"

"வெறும் சாயந்தாங்க. அதுல ஒரு ராத்திரி ஊறப் போட்டேன்."

"எந்தக் கடையிலை வாங்கினது?"

"கடையில இல்லீங்க, எம் பொஞ்சாதி போட்டது."

"சொல்ல விருப்பமில்லையெண்டால் விடும்!"

கோபத்தில் அம்பலவாணர், வந்ததும் அவருக்குக் கொடுத்திருந்த பால் விடாத தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார்.

கறுப்பையாவின் மனைவி பாலம்மா தேத்தண்ணிக் கேத்தலோடு வந்தாள்.

"ஐயாவுக்கு இன்னும் கொஞ்சம் சாயம் ஊத்தவா?"